புதைந்த காசும் உலோகங்காண் கருவியும்

நிலத்திற் புதைந்து கிடக்கும் பொன்னையும் வெள்ளியையும் பற்றிய கதை எவர் செவிக்கும் இனிது. பூதங் காக்கும் நிதியென்றும், பாம்பு சுற்றிய குடமென்றும், பலி கொடுத்தாலன்றி வாய் திறவாத கிடங்கென்றும் நம் முன்னோர் சொல்லி வந்தவற்றை இளமையிற் கேளாதார் நம்முட் சிலரே. அக்கதைகளிலெல்லாம் புதையல் என்பது எடுப்பவனுக்குரிய செல்வம் மட்டுமே. யார் புதைத்தார், எதற்காகப் புதைத்தார், ஏன் மீண்டு வந்திலர் என்னும் வினாக்கள் அங்கே எழுவதில்லை. வரலாறு கற்பவனுக்கோ அவ்வினாக்களே பொருள், பொன் பின்னதே.

காசொன்றைக் கையிலேந்தி நோக்கினால், அதனை வெளியிட்ட மன்னன் யார், அஃது எவ்வூர் அக்கசாலையில் அடிக்கப்பட்டது, அதிற் கலந்த உலோகம் யாது என்பன புலனாகும். இவற்றைக் கடையில் விலைக்கு வாங்கிய காசும் கூறும். ஆயின் அக்காசு எவ்வாழத்திற் கிடந்தது, எக்காசின் மேலும் எக்காசின் கீழும் கிடந்தது, குடத்தில் இருந்ததா, பெட்டியில் இருந்ததா, துணி முடிப்பில் இருந்ததா என்பன அது கிடந்த மண்ணுக்கே தெரியும். மண் அதனை ஒரேயொருமுறைதான் கூறும். தோண்டுவோன் அறிந்து தோண்டினால் அச்செய்தி ஏட்டிலேறும். அறியாது தோண்டினாலோ மண்வெட்டியின் முதல் வீச்சிலேயே அழிந்துபோம்.

இவ்வேறுபாடு எத்துணைப் பெரிதென்பதை எடுத்துக் காட்டுதற்கு இங்கிலாந்து தக்க இடமாகும். ஏனெனில், நில உரிமையாளரின் இசைவு பெற்று, பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களை விலக்கி, உலோகங்காண் கருவியுடன் எவரும் காசு தேடுதல் அந்நாட்டிற் சட்டத்துக்கு மாறானதன்று. ஆதலின் சென்ற ஐம்பது ஆண்டுகளில் அங்கு வெளிப்பட்ட காசுக்குவைகள் மிகப் பல. அவற்றுள் நன்றாக எடுக்கப்பட்டனவும் உள, களவாடப்பட்டனவும் உள. இரண்டையும் அருகருகே வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மக்கள் காசைப் புதைத்தற்குக் காரணம் வெளிப்படை. வங்கி இல்லாத காலத்தில் மண்ணே வங்கி. போர்வரவு கேட்டவன் ஓடுமுன் உள்ளதைப் புதைத்தான். திரும்பி வந்தவன் எடுத்துக்கொண்டான். எடுக்கப்பட்டவை நமக்குத் தெரியவாரா. நமக்குக் கிடைப்பன யாவும் திரும்பி வாராதவர் வைத்துச் சென்றவை. திரும்பி வந்து எடுத்தவருள் ஒருவர் மட்டும் தம் அநுபவத்தை விரிவாக எழுதி வைத்துள்ளார். 1667ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கடற்படை மெட்வே ஆற்றினுட் புகுந்தபோது, நாட்குறிப்பெழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் பெப்பீஸ் தம் பொன்னைத் தந்தையார் வாழ்ந்த பிராம்ப்டன் என்னும் ஊருக்கு அனுப்பித் தோட்டத்திற் புதைப்பித்தார். அவ்வாண்டு ஐப்பசியளவில் விளக்கொளியில் அதனை எடுக்கச் சென்றபோது, புதைத்த இடம் எதுவெனப் புதைத்தவர்க்கே திட்டமாகத் தெரியவில்லை. பின்னர் கண்டபோது பை இற்றுப் பொற்காசுகள் மண்ணோடு மண்ணாகச் சிதறிக் கிடந்தன. மண்ணை வாரிக் கழுவியும் அரித்தும் பெரும்பாலானவற்றை மீட்டார். சில காசுகள் கிடைக்கவேயில்லை. நான்கு திங்களுக்குள் இந்நிலையாயின், ஆயிரம் ஆண்டு கழிந்த குவையின் நிலை எத்தகையதென்று கூறவேண்டுவதில்லை.

இனிக் கருவியைப் பற்றிச் சிறிது கூறுவாம். கம்பிச்சுருள் ஒன்றில் அலைவு மின்னோட்டத்தைச் செலுத்தினால் அதனைச் சூழக் காந்தப்புலம் தோன்றி மாறிக்கொண்டிருக்கும். அப்புலத்துள் ஓர் உலோகத்துண்டு அகப்படுமாயின் அதனுள்ளும் சிறு சுழல் மின்னோட்டங்கள் எழும். அவ்வோட்டங்கள் தமக்கெனச் சிறியதொரு காந்தப்புலத்தைத் தோற்றுவிக்கும். அதனை மற்றொரு சுருள் உணர்ந்து ஒலியாக மாற்றித் தேடுவோன் செவிக்குத் தரும். கருவியின் தத்துவம் இவ்வளவே. 1881இல் அமெரிக்கச் சனாதிபதி கார்பீல்டு சுடப்பட்டபோது, அவர் உடலினுள் தங்கிய குண்டைக் காண்பதற்குத் தொலைபேசியைக் கண்ட அலெக்சாந்தர் கிரகாம் பெல் இத்தத்துவத்தில் ஒரு கருவியைச் செய்து கொண்டு சென்றார். குண்டு அகப்படவில்லை, கட்டிலின் இரும்புச் சுருள்களும் கருவியை மயக்கின. சனாதிபதி அவ்வாண்டு செப்தெம்பரில் இறந்தார். அறுபதாண்டு கழித்து, இரண்டாம் உலகப் போரின்போது, பிரித்தானியாவில் தங்கியிருந்த போலந்துப் படையதிகாரி யோசப் கொசாட்ஸ்கி என்பவர் ஒருவரே சுமந்து செல்லத்தக்க கண்ணிவெடி காண் கருவியை அமைத்தார். 1942இல் எல் அலமெயின் போர்க்களத்தில் அது பெரிதும் பயன்பட்டது. நம் நாட்டின் வடபால் வாழ்வோர் இக்கருவியைக் கண்டதும் பெரும்பாலும் அவ்வடிவிலேயே. போர் ஓய்ந்தபின் வயல்களிலும் பனங்கூடல்களிலும் அங்குலம் அங்குலமாகக் கண்ணிவெடி தேடியோர் கையில் அஃது இருந்தது. போர்க்கருவி இலேசாகி மலிவாகி, 1970கள் தொடக்கம் இங்கிலாந்தில் ஓய்வுநேரப் பொழுதுபோக்காயிற்று.

கருவி சொல்வது ஒன்றே: இங்கே உலோகம் உண்டு. பொன்னா தகரமா என்று அண்ணளவாகக் குறிப்பறிவிக்கும் கருவிகளும் உள. ஆயின் எக்காலத்தது, எதனோடு கிடக்கிறது என்று சொல்லுங் கருவி இல்லை. இதில் உழுமண், உழாமண் என்னும் வேறுபாட்டையும் கருத வேண்டும். பல நூற்றாண்டு உழப்பட்ட மேல்மண்ணிற் கிடக்கும் தனிக்காசு முன்னமே இடம்பெயர்ந்தது. அதனைக் கண்ட வயலைக் குறித்துக்கொண்டு எடுப்பதனால் வரலாற்றுக்கு இழப்பு மிகச் சிறிது. சொல்லப்போனால் உரத்தாலும் ஏராலும் அது தேயாமற் காத்தலே ஆகும். கலப்பை எட்டாத கீழ்மண்ணிற் குவை கிடக்குமாயின் நிலைமை வேறு. ஆங்கே புதைத்தவன் வைத்தது வைத்தவாறே உள்ளது. ஒலி கேட்டவன் எவ்விடத்தில் மண்வெட்டியை நிறுத்துகிறான் என்பதிலேயே யாவும் தங்கியுள்ளன.

நிறுத்தத் தெரிந்தவர் ஒருவரின் கதை 1992ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. சஃபோக் மாநிலத்தில் ஒக்சன் என்னுஞ் சிற்றூரில் வேளாளர் ஒருவர் வயலிலே தம் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். அதனைத் தேடித் தருமாறு கருவி வைத்திருந்த முதிய நண்பரை வேண்டினார். நவெம்பர் 16ஆம் நாள் சுத்தியல் தேடச் சென்ற அம்முதியவருக்கு வெள்ளிக் கரண்டிகளும் பொன்னணிகளும் காசுகளும் கிடைத்தன. சிலவற்றை எடுத்தபின், இது தம் கையால் தொடத்தக்கதன்றென உணர்ந்து தோண்டுதலை நிறுத்தி, நிலத்துக்குரிய மாநில சபைக்கும் பொலிசாருக்கும் அறிவித்தார். மறுநாளே தொல்லியலார் வந்து எஞ்சியவற்றை முறையாக எடுத்தனர். 14,865 உரோமக் காசுகள் எண்ணப்பட்டன: 569 பொன், 14,272 வெள்ளி, 24 வெண்கலம். இவற்றோடு ஏறத்தாழ 200 வெள்ளி, பொற்பொருள்கள்.

இவையனைத்தும் மண்ணோடு கிண்டி எடுக்கப்பட்டிருந்தாலும் பொன் பொன்னாகவே இருந்திருக்கும். ஆனால் அவை யாவும் ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர் நீளமுள்ள மரப்பெட்டியொன்றில் அடுக்கப்பட்டிருந்தன என்பதையும், அதனுள் வேறு சிறு பேழைகள் இருந்தன என்பதையும், கிண்ணங்களுக்கிடையே வைக்கோல் இடப்பட்டிருந்தது என்பதையும் நாம் அறிந்திருக்கமாட்டோம். மரமும் வைக்கோலும் உக்கிப் போனவை. அவை இருந்த நிலையை மண்ணிற் கண்டே அறியலாயிற்று. அச்சத்தால் அள்ளி எறிந்துவிட்டு ஓடியவர் வைக்கோல் இட்டு அடுக்கார். ஆறுதலாக, மீண்டு வரும் எண்ணத்தோடு, ஒரு பெருஞ் செல்வக் குடும்பத்தார் வைத்துச் சென்றனர் போலும். கடைசிக் காசுகள் கி. பி. 407-408ஐச் சார்ந்தவை, உரோமர் ஆட்சி பிரித்தானியாவில் முடிவெய்திய காலம் அதுவே. வெள்ளிக் காசுகளுட் பெரும்பாலானவற்றின் விளிம்பு நறுக்கப்பட்டுள்ளது. பேரரசன் முகத்தை வெட்டாது சுற்றோரத்தை மட்டும் நறுக்கியுள்ளனர். கண்டத்திலிருந்து புதுக்காசு வருதல் நின்றுபோன ஒரு நாட்டில், உள்ள காசின் ஓரத்தை வெட்டி அவ்வெள்ளியாற் புதுக்காசு அடித்துச் சமாளித்தனர் என்பதை இத்துணைப் பெருந்தொகையைச் சேர்த்து நோக்கியபோதுதான் ஆராய்ச்சியாளர் தெளிவுறக் கண்டனர். மிளகுப்பொடி தூவுதற்கான வெள்ளிச் சிமிழ்கள் நான்கும் அப்பெட்டியில் இருந்தன. மிளகு விளைந்தது சேரநாட்டு மலைச்சாரலில். மேசை மீது தூவியது உரோமப் பேரரசின் வடமேற்கெல்லையில். தமிழறிந்தார் அச்சிமிழ்களை வேற்றுநாட்டுப் பொருளெனக் கருதி அகலார்.

குவைக்கு 17½ இலட்சம் பவுண் விலை மதிக்கப்பட்டது. கண்டவர் தமக்குக் கிடைத்த பரிசை அவ்வேளாளரோடு பகிர்ந்துகொண்டார். சுத்தியலும் அகப்பட்டது, அதுவும் பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்தது.

ஒக்சனில் அடுக்கின் ஒழுங்கு பேசிற்றெனின், 2010இல் சமசெற் மாநிலத்து ஃபுரூம் நகருக்கருகில் காசுகளின் மேல்கீழ் முறையே பேசிற்று. வைத்தியசாலையொன்றிற் சமையற்றொழில் செய்த ஒருவர் வயலில் ஒலி கேட்டுத் தோண்டினார். களிமண்ணிடையே காசுகளும் ஒரு பானையின் விளிம்பும் தென்பட்டன. கண்டதும் அவர் குழியை மூடிவிட்டுச் செய்தி அனுப்பினார். இதனைப் படிக்கும் மாணவர் தம்மை அவ்விடத்தில் வைத்து எண்ணிப் பார்க்க. பானை நிறையக் காசு இருக்கக் குழியை மூடிவிட்டு வீடு திரும்புதல் எளிய காரியமன்று. தொல்லியலார் மூன்று நாள் உழைத்துப் பானையை அங்கேயே வைத்து, அடுக்கடுக்காகக் காசுகளை எடுத்துத் தனித்தனிப் பைகளிலிட்டுக் குறியிட்டனர். 52,503 காசுகள், நிறை ஏறத்தாழ 160 கிலோகிராம். யாவும் கி. பி. மூன்றாம் நூற்றாண்டைச் சார்ந்தனவே. அவற்றுள் 766 காசுகள், 286இல் உரோமப் பேரரசுக்கு எதிராக எழுந்து பிரித்தானியாவைத் தனியரசாக்கி ஆண்ட கரௌசியசு என்பவனுடையன.

ஒருவன் ஆண்டுதோறும் சிறுகச் சிறுகப் பானையிற் சேமித்திருப்பானாயின் பழங்காசு அடியிலும் புதுக்காசு மேலிலும் இருத்தல் வேண்டும். ஆனால் காலத்தாற் பிந்திய கரௌசியசின் காசுகளில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு பானையின் அரைக்குங் கீழே கிடந்தன. எனவே அக்காசுகள் ஆண்டுக்கணக்கிற் சேர்க்கப்பட்டவையல்ல. ஒரே நிகழ்ச்சியில், பல சிறு கலங்களிலிருந்து கொட்டப்பட்டவை. பானையோ மெல்லிய சுவருடையது. 160 கிலோகிராம் காசோடு அதனைத் தூக்குதல் இயலாது. ஆகவே வெறும் பானையை முதலிற் குழியில் நிறுத்திப் பின்னரே நிரப்பியிருத்தல் வேண்டும். மீண்டும் எடுப்பதாயின் பானையை உடைத்தோ குனிந்து அள்ளியோதான் எடுக்கலாம். இதனைக் கொண்டு, அது சேமிப்பன்று, ஓரூரார் கூடி நிலத்தெய்வத்துக்கு இட்ட காணிக்கை என்று பிரித்தானிய நூதனசாலை அறிஞர் கருதினர். ஒரே முறையிற் கொட்டப்பட்டது என்னுமளவில் ஐயத்துக்கு இடமில்லை. காணிக்கையே என்று முடிவுகட்டுதல் எமக்கு முழுதும் உடன்பாடன்று. அவசரத்திற் புதைப்பவன் எடுக்கும் நாளின் வசதியை எண்ணிப் பானை தேர்வானென்று யார் கண்டார்? ஆயினும் இவ்வழக்கை நாம் நடத்தக் கூடியதாயிருத்தற்கே அம்மூன்று நாளுழைப்புத்தான் காரணம். அச்சமையற்காரர் அன்றே அள்ளிச் சென்றிருப்பாராயின் வாதிடுதற்கே இடமிராது.

நம் தீவிலும் இத்தகைய வினா உண்டு. கி. பி. நான்காம் ஐந்தாம் நூற்றாண்டு உரோமச் செப்புக்காசுகளும் அவற்றைப் பார்த்து ஈழத்திலேயே அடிக்கப்பட்ட போலிகளும் பல இடங்களிற் குவையாகக் கிடைத்துள்ளன. கந்தரோடையிலிருந்து உரோமக் காசுகள் கிடைத்ததைப் போல் பீரிஸ் 1917ஐ அடுத்த ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளால் உலகறியச் செய்தார். காசு அடிக்கப்பட்ட காலம் வேறு. அது கடல் கடந்து இங்கு வந்து புழங்கிய காலம் வேறு. பின்னையதைக் காசின் முகம் சொல்லாது. அது கிடந்த மண்ணடுக்கும் உடனிருந்த மட்கலமுமே சொல்லும். ஆதலாற்றான் 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச்சட்டம், தன் சொந்தக் காணியிலேனும் தொல்பொருள் தேடி ஒருவன் உத்தரவுப் பத்திரமின்றி அகழ்தலைத் தடை செய்தது. தடையிருந்தும், கருவியோடு இரவிற் சென்று புதையல் தோண்டிப் பிடிபட்டோர் செய்தி நம் பத்திரிகைகளில் ஓய்ந்தபாடில்லை.

இங்கிலாந்தின் சட்டம் வேறு வழியிற் சென்றது. பழைய வழக்கப்படி, பொன் வெள்ளிப் புதையல் முடிக்குரியதாக வேண்டுமாயின், புதைத்தவன் மீண்டும் எடுக்கும் எண்ணத்தோடு புதைத்தான் என்று மெய்ப்பிக்கப்படல் வேண்டும். இறந்து ஆயிரத்தைந்நூறு ஆண்டான ஒருவனுடைய எண்ணத்தை எவ்வாறு மெய்ப்பிப்பது? சறே மாநிலத்து வொன்பரோ என்னுமிடத்தில் இதன் கேடு வெளிப்பட்டது. அங்கே 1980களின் முற்பகுதியிற் பழங்காசுகள் கிடைத்தன என்னுஞ் செய்தி பரவியதும், இரவு தோறும் கருவியோடு பலர் வந்து நிலத்தைச் சல்லடைக் கண்ணாக்கினர். ஆயிரக்கணக்கான காசுகள் போயின. பின்னர் அகழ்ந்தபோது அவ்விடம் ஒரு கோயிலென்று தெரிந்தது. கோயிலுக்கு இட்ட காணிக்கையை எவரும் மீண்டெடுக்கும் எண்ணத்தோடு இடார். எனவே பழஞ்சட்டத்தால் அக்களவைத் தண்டிப்பது அரிதாயிற்று. சறேத் தொல்லியலார் எழுப்பிய குரலின் பயனாக 1996இல் புதையற் சட்டம் நிறைவேறி, 1997 செப்தெம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி முந்நூறாண்டுக்கு மேற்பட்ட பொன் வெள்ளிக் காசு இரண்டோ அதற்கு மேலோ ஒருங்கே கண்டவர், பதினான்கு நாளுக்குள் மரண விசாரணை அதிகாரிக்கு அறிவித்தல் வேண்டும். பிணத்தை விசாரிப்பவர் புதையலையும் விசாரிப்பது நமக்கு வியப்பைத் தரும். இடைக்காலத்திலிருந்தே முடியின் வருவாயைக் காப்பது அவர் கடன் என்பதே காரணம். நூதனசாலை ஏற்றுக்கொண்டால், மதித்த விலை கண்டவருக்கும் நிலக்காரருக்கும் பரிசாகப் பகிரப்படும். அவ்வாண்டே, புதையல் அல்லாத சிறு பொருள்களையும் மனமுவந்து பதிவு செய்தற்கு ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. மாவட்டந்தோறும் அதற்கு அலுவலர் உளர். பதினைந்து இலட்சத்துக்கு மேற்பட்ட பொருள்கள் அதிற் பதிவாகியுள்ளன.

இச்சட்டத்தைப் பின்பற்றியவர் கையிலும் மீறியவர் கையிலும், ஒரே ஆண்டில், ஒரே காலத்துக்குரிய இரு குவைகள் அகப்பட்டன. 2015இல் நிகழ்ந்த அவ்விரண்டையும் விளங்குதற்கு ஒன்பதாம் நூற்றாண்டு ஆங்கில வரலாற்றிற் சிறிது புகவேண்டும்.

அப்போது இங்கிலாந்து என்று ஒரு நாடு இல்லை. தெற்கே வெசெக்ஸ், நடுவே மேர்சியா என அரசுகள் பல. கடல் கடந்து வந்த வைக்கிங்குப் பெரும்படை ஒவ்வொன்றாக அவற்றை வீழ்த்திற்று. 874இல் மேர்சிய மன்னன் பேர்க்கிரெட் நாட்டைவிட்டு உரோமாபுரிக்கு ஓடினான். அவன் இடத்திற்குச் சியோல்வுல்ப் என்பவன் வந்தான். வெசெக்ஸ் மன்னன் அல்பிரட் மட்டும் நின்று பொருது, 878இல் எடிங்டன் என்னுமிடத்திற் பகைவரை வென்றான். அவனையே ஆங்கிலேயர் 'மகா' என்னும் அடைமொழியோடு போற்றுவர்.

சியோல்வுல்பைப் பற்றி நாம் அறிவது பெரும்பாலும் ஆங்கிலோ சாக்சன் ஆண்டுக் குறிப்பேட்டால். அஃது அவனை மன்னனென்றே மதியாமல், அறிவற்ற ஓர் அரச பணியாளனென இகழ்ந்து, வைக்கிங்கரின் கைப்பாவையாய் அவர் கேட்டபோது நாட்டைத் திருப்பித் தருவதாக ஆணையிட்டுக் கொடுத்தவன் என்று கூறும். ஆனால் அந்நூல் தொகுக்கப்பட்டது எங்கே, எப்போது? அல்பிரட்டின் ஆட்சிப் பிற்பகுதியில், அவன் அவையைச் சார்ந்தோரால், மேர்சியாவின் மேற்பகுதி அவன் மேலாட்சிக்கு உட்பட்ட பின்னர். வென்றவன் அவையில் எழுதிய ஏட்டை நம்புதற்கு முன் வேறு சான்று தேடல் வேண்டும்.

அச்சான்று வற்லிங்டனிற் கிடைத்தது. 2015 ஒற்றோபரில் ஒக்ஸ்போட்சயர் மாநிலத்து அவ்வூருக்கு அணித்தான வயலில், கருவி கொண்டு தேடிய ஒருவர் வெள்ளிப் பாளம் ஒன்றைக் கண்டார். பிரித்தானிய நூதனசாலையிற் பார்த்த வைக்கிங்கர் பாளத்தை அஃது ஒத்திருந்தது. பின்னர்க் காசுகளும் தோன்றவே, குழியை மூடிவிட்டு அலுவலருக்கு அறிவித்தார். அலுவலர் வந்து, குவையைக் காசு காசாகப் பொறுக்காமல், சுற்றியுள்ள மண்ணோடு ஒரே கட்டியாகப் பெயர்த்து இலண்டனுக்கு அனுப்பினார். அங்கே ஆய்வுகூடத்தில் அது பொறுமையாகப் பிரிக்கப்பட்டது. முழுதும் துண்டுமாக 186 நாணயங்கள், 15 வெள்ளிப் பாளங்கள், 7 அணிகள், சிறியதொரு பொற்றுணுக்கு. மண்கட்டியாக எடுத்தபடியால், மெல்லிய அவ்வெள்ளிக் காசுகள் நொறுங்கித் துண்டுகள் சிதறாமற் காக்கப்பட்டன. அணி, பாளம், காசு மூன்றும் ஒருங்கே மறைக்கப்பட்ட ஒரே பொதி என்பதும் ஐயமற நிறுவப்பட்டது. 870களின் இறுதியில், எடிங்டன் போரை ஒட்டிய நாள்களில், வைக்கிங்குப் படையைச் சார்ந்த ஒருவன் புதைத்திருக்கக் கூடும்.

அந்நாணயங்களுள் பதின்மூன்று, 'இரு பேரரசர்' எனப்படும் வகையைச் சார்ந்தவை. பின்னைய உரோமப் பொற்காசு ஒன்றைப் பார்த்துச் செய்த அவற்றின் பின்புறத்தில், இருவர் அருகருகே அமர்ந்திருக்க மேலே இறக்கை விரித்த வெற்றித்தேவதை நிற்கிறாள். இவ்வகையை அல்பிரட் பெயராலும் அடித்துள்ளனர். சியோல்வுல்ப் பெயராலும் அடித்துள்ளனர். இதற்குமுன் இவ்வகையில் தெரிந்தவை மிகச் சில. ஆகையால் இது ஒரு தற்செயல், ஒருவனைப் பார்த்து மற்றவன் அடித்தான் என்று ஒதுக்கிவிடவும் இடமிருந்தது. இவ்வகையோடு, சிலுவையும் சாய்சதுரமும் பொறித்த மற்றொரு வகையும் இருவர் பேராலும் அக்குவையில் இருந்தது. வெள்ளியின் மாற்றுக் கெட்டு இழிந்திருந்த காசை நீக்கி மாற்றுயர்ந்த காசு வெளியிட்ட சீர்திருத்தம் அவ்வகையோடு தொடங்கியது. இரு நாட்டுக் காசும் ஒரே உருவும் ஒரே மாற்றும் உடையனவாக, ஆண்டு சிலவற்றிற்குத் தொடர்ந்து வெளிவந்திருப்பின், அவ்விரு மன்னரும் ஒப்பந்தம் செய்தே வெளியிட்டிருத்தல் வேண்டும். பகைவரின் கைப்பாவையோடு அல்பிரட் இத்தகைய ஒப்பந்தம் செய்தான் எனல் பொருந்தாது. சியோல்வுல்ப் அவன் துணைவனே. பின்னர் அவன் மறைய, நாடு அல்பிரட்டின் கைக்கு வர, துணைவன் பெயர் ஏட்டில் இழிந்தது. இவ்வையத்தை நாணயவியல் அறிஞர் சிலர் 1990களிலேயே எழுப்பியிருந்தனர். வற்லிங்டன் குவை அதற்குப் பெருவலிவு தந்தது. 2017இல் ஒக்ஸ்போட்டின் அஷ்மோலியன் நூதனசாலை 13½ இலட்சம் பவுண் கொடுத்து அதனை வாங்கிற்று.

மற்றைய குவை அதற்குச் சில திங்களுக்கு முன், அவ்வாண்டு யூன் மாதத்தில், மேற்கே ஹெரிபோட்சயர் மாநிலத்து லெம்ஸ்ரர் நகருக்கு அண்மையில் வெளிப்பட்டது. கருவியோடு சென்ற இருவர் அதனைக் கண்டனர். பொன் மோதிரம், விலங்குத்தலைக் கொளுவியுள்ள பொன் வளையம், பொற்கட்டிட்ட பளிங்குருண்டைப் பதக்கம், வெள்ளிப் பாளம், வெள்ளிக் காசுகள் ஆகியன அதிலிருந்தன. அவர்கள் குழியை மூடவுமில்லை, அறிவிக்கவுமில்லை. காசுகளைப் பிரித்துத் தரகர் வழியாக விற்கத் தொடங்கினர். வதந்தி பரவி அதிகாரிகள் கேட்டபோது, பொன்னணிகளையும் மிகச் சில காசுகளையும் மட்டும் கொடுத்து, கிடைத்தது இவ்வளவே என்றனர்.

இங்கேயும் இரு பேரரசர் காசுகள் இருந்தன. அல்பிரட்டும் இருந்தான், சியோல்வுல்பும் இருந்தான். வற்லிங்டனுக்குத் தொலைவில், மேர்சியாவின் மேற்கோடியில், அதே காலத்தில், அதே காசுகள். இரண்டையும் ஒப்பிட்டு, எந்நாட்டரசன் காசு எப்பகுதியில் எவ்விகிதத்தில் வழங்கிற்று என்று கணக்கிட்டிருக்கலாம். மேர்சிய மண்ணிற் சியோல்வுல்பின் காசு மிகுந்திருந்ததா, அன்றி அல்பிரட்டின் காசு அங்கேயும் மேலோங்கியிருந்ததா என்பது, அவ்விருவருள் மூத்த துணைவன் யார் என்னும் வினாவுக்கு நேரான விடையாயிருக்கும். விகிதம் அறிவதற்கு முழுத்தொகை வேண்டும். விற்றோர் விலை கூடியவற்றை முதலிற் பொறுக்கியிருப்பர். எஞ்சியதைக் கொண்டு விகிதம் பேசுதல் வீண்.

2019 நவெம்பரில் நீதிமன்றம் கண்டெடுத்த இருவரையும் அவர்க்குத் துணைநின்றோரையும் குற்றவாளிகளாகக் கண்டது. முதலிருவருக்கும் பத்தாண்டும் எட்டரையாண்டும் சிறை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அவை குறைக்கப்பட்டன. சட்டப்படி அறிவித்திருந்தால், பரிசில் ஒரு பங்கு அவர்கட்கே நேர்வழியில் வந்திருக்கும், அதுவே பெருஞ்செல்வம். வழக்கு முடியுமளவில் மீட்கப்பட்ட காசுகள் முப்பதளவே. 2023இல் வேறிருவர், இதே குவையைச் சேர்ந்தனவெனக் கருதப்படும் 44 காசுகளை விற்க முயன்ற குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டனர்.

குவையில் எத்தனை காசு இருந்தன என்பது கண்டவர்க்கே தெரியும், அவர் சொல்லார். இருந்தும் ஏறத்தாழ 300 என்று ஒரு கணக்கு உண்டு. அது வந்த வழி இது: கண்ட அன்று அவர்கள் தம் கைத்தொலைபேசியிற் படம் எடுத்திருந்தனர். பின்னர் அவற்றை அழித்துவிட்டனர். பொலிசார் அழித்த படங்களைக் கருவியின் நினைவிலிருந்து மீட்டெடுத்தனர். மண் ஒட்டிய காசுகள் குவியலாய்த் தெரியும் அப்படங்களை வைத்துக்கொண்டே ஆராய்ச்சியாளர் எண்ணினர். மேலே கிடந்தவற்றின் முகம் சிறிது தெரிகிறது. கீழே கிடந்தவை தெரியவில்லை.